ஆம்புலன்ஸ் வரும் வரை

"ரோட்டுல யாராவது அடிபட்டுக் கிடந்தா நின்னுடாத. போலீஸ் கேஸுன்னு ஆயிடும், அப்புறம் கோர்ட்டு வாசல்ல நிக்கணும்." முதல்முறை பைக் சாவியைக் கையில் கொடுக்கும்போது இந்த வார்த்தையையும் சேர்த்துக் கொடுக்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. சொல்கிறவர்கள் ஈரமில்லாதவர்கள் அல்ல. அடுத்த வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிற அதே அம்மாதான், மகனிடம் இதையும் சொல்கிறார். பெற்ற பிள்ளைக்கு வம்பு வந்துவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயம் ஊர் முழுக்கப் பரவியிருப்பதால், அதே மகன் ஒருநாள் விழுந்து கிடந்தாலும் மற்ற வீட்டுப் பிள்ளைகள் நிற்காமல்தான் போவார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வளர்ந்தது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில். அப்பா சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். சாலை நான்கு வழியான பிறகு வண்டிகளின் வேகம் கூடியது. ஆனால் ஊர் சாலைக்கு இந்தப் பக்கமும், வயலும் ஸ்கூலும் அந்தப் பக்கமுமாகவே இருந்தன. கடக்க வேண்டியவர்கள் நடுத்திட்டின் இடைவெளியில் புகுந்து கடந்தார்கள். சுற்றிக்கொண்டு வரச் சோம்பல்பட்டவர்கள் எதிர்த்திசையில் பைக்கை விட்டார்கள். விபத்துச் சத்தம் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்நியமில்லை. முதலில் பிரேக் இழுக்கிற ஓசை, அடுத்தது இரும்பு நசுங்குகிற ஓசை, அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நம் மாநிலத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர் என்று ஆகிறது. நாளை காலை வேலைக்குக் கிளம்பி, நாளை மறுநாள் வாசலில் பந்தல் போடப்படுகிற வீடுகள் 49. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரியான சிகிச்சை கிடைத்தால் இப்படிச் சாகிறவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றலாம் என்று சட்ட ஆணையம் 2006லேயே தன் 201ஆவது அறிக்கையில் எழுதியிருக்கிறது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனவரையே 'நீதான இடிச்ச?' என்று கேட்ட காலம் உண்டு. எங்கள் ஊரில் அப்பாவின் நண்பர் ஒருவர், தன் வேனில் ஒரு கிழவரை ஏற்றிப் போய் மருத்துவமனையில் சேர்த்தார். அதற்குப் பிறகு சாட்சி சொல்வதற்காகப் பலமுறை வேலையை விட்டுவிட்டு அலைந்தார். ஒவ்வொரு முறையும் வாய்தா. கடைசியில் அவர் அப்பாவிடம் வந்து, "இனிமே பார்த்தும் பார்க்காத மாதிரிதாண்ணே போவேன்" என்றார். நல்ல மனிதர். அவரை அப்படிப் பேச வைத்தது நம்முடைய நடைமுறை.

மருத்துவமனைகளும் அப்படித்தான் இருந்தன. ஸ்கூட்டரில் போன ஒருவர் காரில் அடிபட்டார். பக்கத்தில் இருந்த மருத்துவர், இது போலீஸ் கேஸ் என்று சொல்லி இருபது கிலோமீட்டர் தாண்டி இருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினார். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989இல் தீர்ப்பு வந்தது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, சட்டச் சடங்குகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் தூக்கிக்கொண்டு வருகிறவனைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை.

அந்தக் கவலையைப் பட்டவர் பியூஷ் திவாரி. 2007இல் டெல்லியில் அவருடைய உறவுக்காரப் பையன் பள்ளியிலிருந்து வீடு திரும்பும்போது வண்டி மோதி சாலையில் விழுந்து கிடந்தான். போவோர் வருவோர் நிறைய. மருத்துவமனைக்குக் கொண்டு போக ஆளில்லை. பையன் இறந்தான். திவாரி 2008இல் 'சேவ் லைஃப் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏன் யாரும் நிற்பதில்லை என்று 2013இல் அந்த அமைப்பு மக்களிடமே கேட்டது. 74 சதவீதம் பேர் உதவ முன்வர மாட்டோம் என்றார்கள், பெரும்பாலானவர்கள் சொன்ன காரணம் போலீஸ், கோர்ட் தொந்தரவு. 2012இல் அவர்கள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக 2015 மே மாதம் மத்திய அரசு உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவே சேர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு விதிகளும் வந்தன.

அதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டும். நீங்கள் அடிபட்டவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு உடனே கிளம்பலாம். பெயர், முகவரி, போன் நம்பர் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதும்போது 'யார் கொண்டு வந்தது' என்று ஒரு இடம் வரும். பலருக்குக் கால் நடுங்குவது அங்கேதான். பெயர் சொல்ல இஷ்டமில்லை என்றால் சொல்ல வேண்டாம், யாரும் வற்புறுத்தக் கூடாது. முன்பணம் கட்டு என்று உங்களிடம் கேட்கக் கூடாது, கட்டும்வரை உட்கார வைக்கக் கூடாது. நல்ல எண்ணத்தோடு செய்த உதவியில் ஏதாவது பிசகி அவருக்குக் கேடு வந்துவிட்டாலும் உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. நீங்களாகவே சாட்சி சொல்ல முன்வந்தால் மட்டும்தான் விசாரணை. அதையும் அலைக்கழிக்காமல் ஒரே முறையில் முடிக்க வேண்டும். இந்த உரிமைகளை மருத்துவமனை நுழைவாயிலில் மக்களுக்குப் புரிகிற மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. எத்தனை வாசல்களில் அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறீர்கள்? எங்கள் பக்கத்தில் நான் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதே சேவ் லைஃப் அமைப்பு 2018இல் கேட்டபோது 84 சதவீதம் பேருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. சட்டம் மாறிவிட்டது, அம்மா சொல்லி அனுப்புகிற வார்த்தை மாறவில்லை.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் விபத்து என்றால் லாரியைக் கை காட்டி நிறுத்துவார்கள், இல்லையென்றால் காய்கறி வேன். இப்போது ஒரு போன் போதும். சுங்கச்சாவடி உள்ள தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் கூப்பிடலாம், ஆம்புலன்ஸோடு கிரேனும் அனுப்புவார்கள். ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும் ஆம்புலன்ஸ் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்கள் எந்தத் துறையின் கீழும் வராது. சாலை வெளிச்சத்துக்கு நெடுஞ்சாலைத் துறையைக் கேட்கலாம், குடித்துவிட்டு ஓட்டுகிறவனைப் பிடிக்கவில்லை என்று போலீஸைக் கேட்கலாம், நடுத்திட்டில் இடைவெளி விட்டவனையும் மேம்பாலம் கட்டாதவனையும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் விழுந்து கிடக்கிறவனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரம் அங்கே நிற்கிறவர்களுடையது. நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? கூட்டம் கூடுகிறது. பத்துப் பேர் குனிந்து பார்க்கிறோம். இரண்டு பேர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறார்கள். 108க்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறோம், ஒருவரும் கூப்பிடாமல் இருந்ததும் நடந்திருக்கிறது. ஆகையால் பொதுவாக 'யாராவது போன் பண்ணுங்க' என்று கத்தாமல், 'நீல சட்டை அண்ணா, நீங்க 108 போடுங்க' என்று ஒருவரைக் காட்டிச் சொல்ல வேண்டும். கை காட்டப்பட்ட மனிதர் கட்டாயம் செய்வார். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு 108 வண்டி ஊழியர்.

அவரிடம் கற்றுக்கொண்டது இன்னும் நிறைய. நாம் அன்பு என்று நினைத்துச் செய்கிற சில காரியங்களே ஆளைக் கொன்றுவிடும் என்றார் அவர். முதலாவது, தண்ணீர் கொடுப்பது. விழுந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாவிட்டால் நம் ஊர்க்காரர்களுக்கு மனசு ஆறாது, பக்கத்துக் கடையிலிருந்து சோடாவே உடைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். நினைவு தப்பியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும். நினைவோடு இருந்தாலும் அடுத்து ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பது. கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி என்றால் அந்த ஒரு தூக்கலில் ஆயுசுக்கும் கைகால் வராமல் போகலாம். வண்டி தீப்பற்றும், இன்னொரு லாரி ஏறிவிடும் என்பது போன்ற ஆபத்து இல்லாதவரை, கிடக்கிற இடத்திலேயே அசையாமல் வைத்திருப்பது நல்லது. மூன்றாவது, ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவது. மூச்சு இருக்கிறது, வாந்தி இல்லை என்றால் அதைத் தொட வேண்டாம், முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டால் போதும்.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து அழுத்த வேண்டும். துண்டு, துப்பட்டா, எது கையில் இருக்கிறதோ அது. அழுத்திய கையை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்துவிட்டால் அதன்மேலேயே இன்னொரு துணி. கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்கக் கூடாது. விரல் துண்டாகிப் போயிருந்தால் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும், விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் ரத்தமோ வாந்தியோ வந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே கட்டையாகச் சேர்த்து, இரண்டு மூன்று பேர் பிடித்து ஒருக்களிக்க வைக்க வேண்டும்.

இதில் எதுவும் தெரியாதவர்கூடச் செய்யக்கூடியது உண்டு. கொஞ்ச தூரம் தள்ளிப் போய் போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு வருகிற வண்டிகளை ஒதுக்கிவிடலாம். எங்கள் ஊர்க்காரர்கள் வேப்பங்கிளையை ஒடித்துச் சாலையில் போடுவார்கள். இரவில் நெடுஞ்சாலையில் முதல் விபத்தில் விழுந்தவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தின்மேல் இரண்டாவது வண்டி பாய்ந்ததெல்லாம் உண்டு, அதனால் இது சின்ன வேலை இல்லை.

இன்னொன்று, பேச்சு. கீழே கிடப்பவருக்குக் காது கேட்கும். கண் மூடியிருந்தாலும் கேட்கலாம். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு "இவன் தேற மாட்டான்", "குடிச்சிருப்பான்", "இந்த வயசுப் பசங்களுக்கே திமிர்" என்றெல்லாம் பேசுகிறார்கள். தப்பு யார்மேல் என்பதைச் சாலையிலேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற அவசரம் நமக்கு இருக்கிறது. அவர் குடித்திருக்கலாம், எதிர்த்திசையில் வந்திருக்கலாம். அதை விசாரிக்கப் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அந்த நேரத்தில் வேண்டியது, ஒருவர் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு, நான் இங்கயே இருக்கேன், தலைய மட்டும் ஆட்டாத" என்று சொல்வது.

'எந்த ஊரு, யார் வீட்டுப் பையன்' என்று கேட்பார்கள் இல்லையா, அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்லக் கேட்டால் நல்ல கேள்வி. ஆனால் எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கும். பதில் 'காலனி' என்று வந்ததும் குனிந்திருந்த சிலர் நிமிர்ந்து பின்னால் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று அந்தப் பையனின் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தது, கோயம்பேட்டுக்குப் பூ ஏற்றிக்கொண்டு போன மினி வேனின் டிரைவர். எந்த ஊர்க்காரரோ. லோடு வாடிவிடும், வாடகையில் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் அவர் கிளம்பவில்லை. அந்தக் கூட்டத்தில் இழப்பதற்கு அதிகம் இருந்தது அவருக்குத்தான். காரில் வந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பொதுவாகவே, நிற்கிறவர்கள் யார் என்று பார்த்தால் ஆட்டோக்காரர், டீக்கடை மாஸ்டர், நூறு நாள் வேலை முடித்து வருகிற அக்காக்கள், லாரி கிளீனர். மருத்துவமனை வாசலில் நின்று பார்த்தால் இது உங்களுக்கும் தெரியும்.

வீட்டுக்குத் தகவல் சொல்வதைப் பற்றிக் கொஞ்சம். அடிபட்டவரின் போன் பூட்டியிருந்தாலும் வருகிற அழைப்பை எடுக்கலாம். எடுத்ததும் "உங்க பையன் ஆக்சிடென்ட்ல அடிபட்டுட்டான், சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அந்த அப்பா நடுங்குகிற கையோடு பைக்கை எடுத்து, பதற்றத்தில் அடுத்த விபத்துக்குள் போய் விழுவார். "அடிபட்டிருக்கு, மூச்சு இருக்கு, 108ல ஏத்திட்டோம், முண்டியம்பாக்கம் கொண்டு போறாங்க. நீங்க வண்டி ஓட்டாதீங்க, யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று சொல்லலாம். முண்டியம்பாக்கம் என்பது எங்களுக்கு விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உயிர் பிழைத்திருந்தால் மட்டும்தான் 'மூச்சு இருக்கு' என்று சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது. அவருடைய பர்ஸ், போன், செயின் என்ன இருக்கிறதோ அதை நாலு பேர் பார்க்க எடுத்து ஆம்புலன்ஸ் ஊழியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

காசு பற்றிய பயமும் பழையது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஆரம்பத்தில் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். அடிபட்டவர் தமிழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை, பீகாரிலிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவருக்கும் உண்டு. 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசும் ஏழு நாட்கள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் அறிவித்திருக்கிறது.

இறந்தே போய்விட்டால்கூட நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. 'அடையாளம் தெரியாத வாகனம் மோதி' என்று பேப்பரில் இரண்டு வரிச் செய்தி வருமே, அந்தக் குடும்பங்கள் இன்ஷூரன்ஸ் கேட்க யாரும் இல்லாமல் நிற்பவை. பெரும்பாலும் சைக்கிளில் போனவர்கள், நடந்து போனவர்கள். அவர்களுக்கு 2022 ஏப்ரல் 1 முதல், இறந்தால் இரண்டு லட்சம், கொடுங்காயம் என்றால் ஐம்பதாயிரம் ரூபாய் இழப்பீடு உண்டு. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும். போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாம் கேட்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீட்டில் யார் இதையெல்லாம் தேடி அலைவார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கூடப் போனால் நடக்கும். தப்பி ஓடுகிற வண்டியின் நம்பரை அந்த இடத்தில் ஒருவர் மனதில் வாங்கியிருந்தால், இந்த இரண்டு லட்சத்தோடு நிற்காமல் முறையான இழப்பீடே கேட்டு வழக்குப் போடலாம். வீடியோ எடுக்கிற கை அந்த நம்பர் பலகையை எடுத்திருந்தால் எவ்வளவு உதவி.

உதவியவர்களுக்குப் பரிசுத் திட்டமும் இருக்கிறது. மத்திய அரசு 2021இல் 5,000 ரூபாய் என்று தொடங்கி, 2025இல் அதை 25,000 ஆக்கியது. நல்லதுதான். ஆனால் பரிசைவிட, போன மருத்துவமனையில் ஒரு நாற்காலி போட்டு "உட்காருங்க, கை கழுவிட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் அந்த மனிதர் அடுத்த முறையும் நிற்பார் என்று நினைக்கிறேன். சட்டையெல்லாம் ரத்தமாக, என்ன செய்வதென்று தெரியாமல் கேஷுவாலிட்டி வாசலில் நின்றுகொண்டிருப்பவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

போன வருஷம் எங்கள் கூட்டுரோடு ஆட்டோ ஸ்டாண்டில் அந்த 108 ஊழியரை அழைத்து ஒரு சாயங்காலம் பேச வைத்தோம். அவர் விடுப்பு நாளில் வந்தார். பழைய மெத்தை ஒன்றை விரித்து, ஒரு ஆட்டோக்காரரையே படுக்க வைத்து, கழுத்து அசையாமல் பிடித்து உடம்போடு சேர்த்துத் திருப்பக் காட்டினார். டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். 134ஏ பற்றிச் சொன்னபோது வயதான டிரைவர் ஒருவர் எழுந்து, "இத எழுதிக் குடுங்க தம்பி. ஸ்டேஷன்ல கேட்டா காட்டணும்" என்றார். அவருக்கு வாய்ச்சொல் போதவில்லை, அவர் பட்ட பாடு அப்படி. பிரிவு எண்ணோடு தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து, லேமினேட் பண்ணி, ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று கொடுத்தோம். கூடவே முதலுதவிப் பெட்டியும் வாங்கி வைத்தார்கள், அது அவர்கள் சொந்தக் காசு.

வருகிற மாதம் பக்கத்து ஊர் பள்ளி வேன் டிரைவர்களுக்கும் தாய்மார்களுக்கும் நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். தாய்மார்களை விட வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். பைக் சாவி கொடுக்கிறவர்கள் அவர்கள்தானே. இதைப் படிக்கிற உங்கள் ஊரில் ஸ்டாண்டோ, மகளிர் குழுவோ, டியூஷன் சென்டரோ இருந்தால் நீங்களும் கேட்டுப் பாருங்கள். 108 ஊழியர்கள், அரசு மருத்துவமனைச் செவிலியர்கள், யாரையாவது அழைக்கலாம். அந்த ஒரு பக்கத் தாள் வேண்டுமென்றால் அனுப்புகிறேன், உங்கள் ஊர் மருத்துவமனைப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.